நேர்மையான பகடை, நிச்சயமான நட்டம்

ஆம்பூர், வாணியம்பாடி பகுதி நாளிதழ்ப் பதிப்புகளில் அடிக்கடி வரும் சின்னச் செய்தி ஒன்று உண்டு. காட்டன் சூதாட்டம் நடத்தியவர் கைது, துண்டுச் சீட்டுகளும் ரொக்கமும் பறிமுதல். நான்கைந்து வரிக்கு மேல் போகாது. உள்ளூர்க்காரர்கள் தலைப்போடு நிறுத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். வெளியூர்க்காரருக்குத்தான் சந்தேகம் வரும். பாலாற்றங்கரையில் பச்சைத் தோல் வாங்கிப் பதனிட்டு, ஷூ தைத்துக் கப்பலேற்றும் ஊர்கள் இவை. இங்கே பஞ்சுக்கு என்ன வேலை?

அந்தப் பஞ்சு நியூயார்க்கிலிருந்து பம்பாய் வழியாக வந்தது. நியூயார்க் பருத்திச் சந்தையில் அன்றன்றைக்குத் தொடங்கிய விலையும் முடிந்த விலையும் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குத் தொலைவரி இயந்திரத்தில் வந்து சேரும். அந்த எண்கள் என்னவாக இருக்கும் என்று பம்பாயில் பந்தயம் கட்டினார்கள். 1961-இல் நியூயார்க் சந்தை அந்த வழக்கத்தை நிறுத்தியது. பந்தயக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1962-இல் கல்யாண்ஜி பகத், 1964-இல் ரத்தன் கத்ரி என்று ஆளுக்கொரு ஆட்டத்தை வொர்லியில் தொடங்கினார்கள். பானைக்குள் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டு எடுத்ததால் அது மட்கா ஆயிற்று. பின்னால் பானையும் போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. பருத்தி விலை ஆட்டத்தை விட்டுப் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், வேலூர் வட்டாரத்தில் காட்டன் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

பம்பாய்க்காரர்கள் எதற்காக நியூயார்க் விலையைப் பிடித்துத் தொங்கினார்கள் என்பதில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் இருக்கிறது. பந்தயத்தில் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. நடத்துபவர் எண்ணை மாற்றிவிடுவார் என்று கட்டுபவருக்குப் பயம். எண்ணை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எவனாவது கட்டிவிடுவான் என்று நடத்துபவருக்குப் பயம். ஆகவே எண் எங்கிருந்து வந்தாலும் இருவர் கைக்கும் எட்டாத இடத்திலிருந்து வர வேண்டும். பம்பாயில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் பருத்தி விலையை யாராலும் அசைக்க முடியாது. பானை வந்ததும் பழைய பயமும் திரும்பி வந்தது. எந்த எண்ணில் குறைவாகப் பணம் விழுந்திருக்கிறது என்று நடத்துபவருக்குத் தெரியும். அதையே எடுத்துவிட்டால் அன்றைய வசூல் முழுக்க அவருக்குத்தான். கூட்டத்தைக் கூட்டி, எல்லோர் கண் முன்னாலும் சீட்டு எடுக்க வேண்டிய கட்டாயம் அதனால் வந்தது.

நம் ஊர் மூன்று நம்பர் லாட்டரியும் இதே புத்திதான். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு கள்ளத்தனமாகப் பரவிய ஆட்டம் இது. இதில் முடிவை உள்ளூர் ஏஜெண்டு அறிவிப்பதில்லை. கேரள அரசு லாட்டரியின் முதல் பரிசு எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். திருவனந்தபுரத்தில் அரசு நடத்தும் குலுக்கலை வாணியம்பாடி ஏஜெண்டு என்ன செய்துவிட முடியும்? சட்டப்படி குற்றம், ஏழைகளின் கூலியைத் தின்னும் தொழில், எல்லாம் சரி. ஆனால் குலுக்கல் எண் விஷயத்தில் அவர்கள் கண்டுபிடித்த வழி அறிவியல்பூர்வமானது. இதைச் சொல்வதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அதே ஆசை கைபேசிக்குள் வந்திருக்கிறது. பிட்காயின், ஈதர் போன்ற கிரிப்டோ நாணயங்களில் பணம் கட்டி விளையாடும் பகடை ஆட்டங்கள், விமானம் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று விழும் ஆட்டங்கள், சுழல் சக்கரங்கள். எங்கள் ஆட்டம் நேர்மையானது, வேண்டுமானால் நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று இவை விளம்பரம் செய்கின்றன. இது பொய்யில்லை, பெரும்பாலும் உண்மை. எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் அந்த உண்மை நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த நாணயங்களின் பொதுக் கணக்கேடான பிளாக்செயின் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இதற்கான அடிப்படை யோசனை வந்துவிட்டது. வெனிசுவேலாவில் பிறந்த அமெரிக்கக் கணினி அறிஞர் மனுவேல் புளூம் 1981-இல் ஒரு புதிர் போட்டார். மணவிலக்குப் பெற்ற கணவனும் மனைவியும் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள். கார் யாருக்கு என்பதைத் தொலைபேசியிலேயே காசு சுண்டி முடிவு செய்ய வேண்டும். ஒருவர் பூவா தலையா கேட்கிறார், மற்றவர் சுண்டிவிட்டு, நீ தோற்றுவிட்டாய் என்கிறார். எப்படி நம்புவது? புளூம் சொன்ன வழி இதுதான். சுண்டுபவர் விடையை முதலிலேயே பூட்டி மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். பூட்டியதை அவரால் மாற்ற முடியாது, இவரால் திறந்து பார்க்க முடியாது. இவர் தன் ஊகத்தைச் சொன்ன பிறகு சாவி வெளியே வரும். புளூம் பூட்டாகப் பயன்படுத்தியது பகா எண்களின் கணக்கு. இன்றைக்கு அந்த வேலையை ஹாஷ் செய்கிறது.

ஹாஷ் என்பது எந்த நீளமுள்ள எழுத்தையும் தரவையும் வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணைத் துப்பும் கணக்கு. அமெரிக்க அரசு நிறுவனங்கள் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஷா-256 என்பதுதான் பிட்காயினுக்கும் பெரும்பாலான பந்தயத் தளங்களுக்கும் முதுகெலும்பு. எதைக் கொடுத்தாலும் 256 பிட் விடை வரும். டேனரி டிரம்முக்குள் போன தோலைப் போலத்தான்: குரோம் ஏறி வெட் புளூவாக வெளியே வந்ததைத் திரும்பப் பச்சைத் தோலாக்க எந்த இயந்திரமும் இல்லை. ஹாஷையும் பின்னோக்கி ஓட்ட வழி தெரியாது.

ஒரு சிறு சோதனை. ஹலோ என்ற சொல்லை ஆங்கிலத்தில் முழுக்கச் சின்ன எழுத்தில் தட்டி ஷா-256 போடுங்கள். விடையின் முதல் 32 பிட்டைச் சாதாரண எண்ணாக எழுதினால் 75,40,77,114 வரும். அதே சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக மாற்றிப் போட்டால் 40,89,15,379. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைசி மூன்று இலக்கத்தை எடுத்துக்கொண்டால் முதலாவது 114, இரண்டாவது 379. மூன்று நம்பர் லாட்டரி ஒன்று தயார். இதை ஆம்பூரில் போட்டாலும் அமெரிக்காவில் போட்டாலும் இதே விடைதான் வரும் என்பதால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 32 பிட் எண்கள் மொத்தம் 429,49,67,296. இதை ஆயிரத்தால் வகுத்தால் 296 மிச்சம் விழும். ஆகவே 000 முதல் 295 வரையிலான எண்களுக்கு மற்றவற்றைவிட சுமார் நாற்பத்து மூன்று லட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்பு கூடுதல். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனாலும் நல்ல நிரலாளர்கள் மிச்சத்தில் விழும் எண்களைத் தள்ளிவிட்டு அடுத்த எண்ணை எடுப்பார்கள்.

சரி, ஓர் ஏஜெண்டு காலையிலேயே எண்ணை முடிவு செய்து, அதன் ஹாஷை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, மாலையில் எண்ணை வெளியிட்டால் போதுமா? போதாது. மூன்று இலக்க எண்கள் மொத்தமே ஆயிரம். ஆயிரத்துக்கும் ஹாஷ் போட்டுப் பார்க்க மலிவான கைபேசிக்கே ஒரு நொடி ஆகாது. எது பொருந்துகிறதோ அதுதான் விடை. பூட்டு கெட்டிதான், அறைதான் சின்னது. இதற்காக எண்ணோடு நீளமான ஒரு தற்போக்கு எழுத்துக்கோவையைச் சேர்த்து ஹாஷ் போடுவார்கள். அந்தக் கோவை 256 பிட் நீளமென்றால், முயன்று பார்க்க வேண்டிய சாத்தியங்கள் 78 இலக்க எண்ணளவு. உலகத்துக் கணினி எல்லாம் சேர்ந்தாலும் ஆகாத காரியம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. காலையில் எண்ணைப் பூட்டியவருக்கு அது என்ன எண் என்று தெரியுமே! தன் மச்சானை அனுப்பி அந்த எண்ணிலேயே கட்டச் சொல்லலாம். ஆகவே விடை ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. கட்டுபவரும் அதில் எதையாவது கலக்க வேண்டும்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய முதல் ஆட்டம் 2012-இல் எரிக் வோர்ஹீஸ் தொடங்கிய சடோஷிடைஸ். ஆட்டம் எளிது. 0 முதல் 65,535 வரை ஓர் எண் விழும். நீங்கள் தேர்ந்த எல்லைக்குக் கீழே விழுந்தால் வெற்றி. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இரகசியச் சாவி. அந்தச் சாவிகளின் ஹாஷ்களைத் தளம் முன்கூட்டியே வெளியிட்டுவிடும். நீங்கள் பிட்காயின் அனுப்பும்போது அந்தப் பரிமாற்றத்துக்கென ஓர் அடையாள எண் உண்டாகும். அன்றைய சாவியையும் அந்த அடையாள எண்ணையும் சேர்த்து ஹாஷ் போட்டால் பகடை எண் கிடைக்கும். நாள் முடிந்ததும் சாவி வெளியாகும். ஏற்கெனவே சொன்ன ஹாஷோடு அது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, தான் தோற்றது நியாயம்தானா என்று எவரும் கணக்குப் போடலாம். சாவி தளத்துடையது, அடையாள எண் ஆடுபவருடையது. தளம் முன்பே பூட்டிவிட்டதால் ஆளுக்கேற்ப மாற்ற முடியாது. சாவி தெரியாததால் ஆடுபவராலும் முடிவை ஊகிக்க முடியாது. ஒரு காலத்தில் பிட்காயின் வலையில் நடந்த பரிமாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆட்டத்தால் வந்தவை. 2013 ஜூலையில் இது 1,26,315 பிட்காயினுக்கு விற்கப்பட்டது.

பிளாக்செயின் இங்கே என்ன செய்கிறது? காட்டன் சீட்டு விற்பவரிடம் ஒரு நோட்டு இருக்கும், உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். தகராறு வந்தால் எது உண்மை என்று சொல்ல மூன்றாவது ஆள் இல்லை. பிளாக்செயினில் அந்த நோட்டு ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கிறது. பிளாக் எனப்படும் ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் ஹாஷைச் சுமப்பதால், நடுவில் ஒரு வரியைத் திருத்தினால் அதற்குப் பின்னுள்ள எல்லாப் பக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். யார் எப்போது எவ்வளவு கட்டினார், தளம் எந்த ஹாஷை எந்த நேரத்தில் அறிவித்தது என்பதெல்லாம் அழியாது.

விமானம் விழும் ஆட்டங்களில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. 2014 வாக்கில் பஸ்டாபிட் என்ற தளம் இதைப் பிரபலமாக்கியது. ஓர் இரகசியத்தை எடுத்து ஹாஷ் போடுகிறார்கள். அந்த விடைக்கு ஹாஷ், அதற்கும் ஹாஷ் என்று ஒரு கோடி முறை. கடைசியாக வந்ததை ஊருக்கு அறிவித்துவிட்டு ஆட்டங்களைப் பின்னாலிருந்து முன்னால் நடத்துகிறார்கள். இன்றைய ஆட்டத்தின் எண்ணுக்கு ஹாஷ் போட்டால் நேற்றைய எண் வர வேண்டும். ஒரு கோடி ஆட்டமும் முதல் நாளே பூட்டப்பட்டுவிட்டன. அப்படியானால் தனக்குச் சாதகமான சங்கிலியைத் தளமே பொறுக்கி எடுத்திருக்கலாமே? அதற்காகத்தான் சங்கிலியை அறிவித்த பிறகு, இன்னும் உருவாகாத ஒரு பிட்காயின் பிளாக்கின் எண்ணைச் சொல்லி, அதன் ஹாஷையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கலப்போம் என்று அறிவித்தார்கள். பம்பாய்க்காரர்களின் நியூயார்க் விலைக்கு இதைவிட நெருங்கிய உறவினர் கிடையாது.

அடுத்த கட்டம், தளம் என்ற ஒன்றே இல்லாமல் ஆடுவது. ஈதரியம் போன்ற பிளாக்செயின்களில் நிரலையே ஏற்றி வைத்துவிடலாம். பணத்தை அந்த நிரல்தான் வைத்திருக்கும்; விதிப்படி வென்றவருக்கு அதுவே அனுப்பிவிடும். ஜெயித்தவனுக்குப் பணம் தராமல் ஊரைவிட்டு ஓட ஏஜெண்டே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரலுக்கு இரகசியம் காக்கத் தெரியாது. அதற்குள் இருப்பதெல்லாம் வெட்டவெளிச்சம். சாவியை எங்கே ஒளிப்பது?

பலரும் அடுத்து வரும் பிளாக்கின் ஹாஷையே பகடையாக எடுத்துக்கொண்டார்கள். விளைவை 2017 அக்டோபரில் பார்த்தோம். ஸ்மார்ட்பில்லியன்ஸ் என்ற லாட்டரிக்காரர்கள் 1,500 ஈதரை நிரலுக்குள் வைத்து, முடிந்தால் உடைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகுக்கே சவால் விட்டார்கள். ஈதரிய நிரலால் கடைசி 256 பிளாக்குகளின் ஹாஷை மட்டுமே திரும்பிப் பார்க்க முடியும். அதற்கு முந்தியதைக் கேட்டால் பூஜ்யம் என்ற விடைதான் வரும். ஒருவர் பூஜ்யங்களாகவே கட்டிவிட்டு, 256 பிளாக் கடக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு வந்து பரிசைக் கேட்டார். நிரல் ஹாஷைத் தேடியது, பூஜ்யம் கிடைத்தது, பரிசைக் கொடுத்தது. 400 ஈதர் போன பிறகுதான் நடத்தியவர்கள் விழித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே இழுத்தார்கள். வேண்டும்போது பணத்தை வெளியே இழுக்க அவர்களுக்கு வழி இருந்ததும் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த ஆண்டு ஃபோமோ3டி. இதில் பகடையே கிடையாது. ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். யாராவது ஒரு சாவி (இங்கே ஆட்டச் சீட்டின் பெயர்) வாங்கினால் அதில் 30 நொடி கூடும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது கடைசியாக வாங்கியவருக்குப் பெரும்பரிசு. கூட்டம் இருக்கும்வரை முடியவே முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2018 ஆகஸ்ட் 22 அன்று ஒருவர் சாவி வாங்கிவிட்டு, உடனே கட்டணத்தை அள்ளி இறைத்து அடுத்தடுத்த பிளாக்குகளைத் தன் சொந்தப் பரிமாற்றங்களால் அடைத்தார். வேறு யாருடைய சாவியும் பிளாக்குக்குள் நுழைய முடியவில்லை. கடிகாரம் ஓடி முடிந்தது. அவருக்குக் கிடைத்தது 10,469 ஈதர், அன்றைய மதிப்பில் சுமார் 30 லட்சம் டாலர். நிரலில் பிழை இல்லை, விதி எதையும் அவர் மீறவும் இல்லை. பேருந்தின் அத்தனை இருக்கைக்கும் ஒருவரே டிக்கெட் எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்த அடிகளுக்குப் பிறகு தற்போக்கு எண்ணுக்கென்றே தனி ஏற்பாடுகள் வளர்ந்தன. ஈதரியத்தில் இப்போது 12 நொடிக்கு ஒருவர் பிளாக் போடும் முறை பெறுகிறார். அவர் தன் பங்காக ஒரு கையொப்ப எண்ணைப் பொதுக் கலவையில் சேர்க்கிறார். ஒருவர் நேர்மையாக இருந்தாலும் கலவை நல்ல கலவைதான். ஆனால் கடைசியாகச் சேர்ப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. தன் எண்ணைச் சேர்த்தால் என்ன ஆகும், சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு மட்டும் தெரியும். பிடிக்காவிட்டால் முறையைத் தவறவிடலாம். அந்தப் பிளாக்குக்கான ஊதியம்தான் நட்டம். பரிசு அந்த ஊதியத்தைவிடப் பெரியதாக இருந்தால் தவறவிடுவது லாபம். இன்னொரு வழி, சில்வியோ மிக்காலியும் வேறு இருவரும் 1999-இல் முன்வைத்த சரிபார்க்கத்தக்க தற்போக்குச் சார்பு. ஒருவர் தன் இரகசியச் சாவியால் எண்ணை உண்டாக்குகிறார். கூடவே, இந்தச் சாவிக்கும் இந்தக் கேள்விக்கும் இந்த ஒரே விடைதான் வர முடியும் என்பதற்குச் சான்றும் தருகிறார். நிரல் சான்றைச் சோதித்துவிட்டே எண்ணை ஏற்கும். செயின்லிங்க் 2020 முதல் இதைச் சேவையாகத் தருகிறது. பொய் எண் தர வழியில்லை. எண்ணே தராமல் இருக்க வழி இருக்கிறது. இந்தத் துறையில் ஓட்டை அடைபடுவதில்லை, சின்னதாகிக்கொண்டே போகிறது.

ஆக, குலுக்கலைப் பொறுத்தவரை பிளாக்செயின் ஆட்டம் காட்டன் சீட்டைவிட நேர்மையானது என்று தயங்காமல் சொல்வேன். விளம்பரம் சொல்வதும் அவ்வளவுதான். அதற்கு மேல் அது சொல்லாதது, கொடுக்கும் விகிதம்.

மட்கா வகை ஆட்டத்தில் ஓரிலக்கத்துக்கு ஒன்றுக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். பத்து பேர், பத்து எண், ஆளுக்குப் பத்து ரூபாய். சேர்ந்தது 100, வென்றவருக்கு 90, நடத்துபவருக்கு 10. எண்ணை யாரும் திருடவில்லை. குலுக்கல் சுத்தம். ஆனாலும் தினமும் நூற்றுக்குப் பத்து போய்க்கொண்டே இருக்கும். எந்த எண் விழுந்தாலும் நடத்துபவருக்குக் கவலையில்லை என்னும்போது அவர் ஏன் ஏமாற்ற வேண்டும்?

சடோஷிடைஸில் தளத்தின் பங்கு நூற்றுக்கு 1.9 மட்டும். பத்தோடு ஒப்பிட்டால் தர்மவான் போலத் தோன்றும். இங்கேதான் வேகம் உள்ளே வருகிறது. நாளுக்கு ஒருமுறை பத்து ரூபாய் காட்டன் கட்டுபவருக்குச் சராசரி நட்டம் ஒரு ரூபாய். பத்து நொடிக்கு ஒருமுறை உருளும் பகடையில் அதே பத்து ரூபாயை வைத்துக்கொண்டிருந்தால் மணிக்கு 360 ஆட்டம். கட்டிய மொத்தம் 3,600 ரூபாய். சராசரி நட்டம் 68 ரூபாய் 40 காசு. விகிதம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது, நட்டம் அறுபத்தெட்டு மடங்கானது. அதுவும் ஒரே மணி நேரத்தில்! படுத்துக்கொண்டே விரலால் தட்டும் ஆட்டத்தை யாரும் ஒரு மணி நேரத்தில் நிறுத்துவதில்லை.

தளத்தின் பங்கு பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தப்ப முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கலும் ஹைகன்ஸும் போட்ட கணக்கு இது. சமமான ஆட்டத்தில், ஒரு பக்கம் ஓட்டாண்டி ஆகும்வரை ஆடினால், வெல்லும் வாய்ப்பு கையிருப்பின் விகிதப்படிதான். உங்களிடம் 1,000 ரூபாய், எதிரே 10 லட்சம் என்றால், 1,001 தடவையில் 1,000 தடவை காலியாவது நீங்கள்தான். பெட்டியில் அதிகம் வைத்திருப்பவன் காத்திருந்தால் போதும்.

தோற்றதை மீட்க அடுத்த தடவை இரட்டிப்பாகக் கட்டு என்று ஓர் உத்தியைப் பலரும் இணையத்தில் உபதேசிக்கிறார்கள். பத்து ரூபாயில் தொடங்கித் தொடர்ந்து பத்து முறை தோற்றால் பதினோராவது முறை கட்ட வேண்டியது 10,240 ரூபாய். அதுவரை போனது 10,230. இவ்வளவும் எதற்கு? பத்து ரூபாய் லாபத்துக்கு.

நேர்மைச் சான்று இன்னும் சிலவற்றைப் பற்றி வாயே திறப்பதில்லை. வென்ற பணத்தை எடுக்கப் போகும்போது தளம் கணக்கை முடக்கினால் ஹாஷ் உதவாது. சரிபார்க்கும் கருவியைத் தளமே தன் பக்கத்தில் வைத்திருந்தால், திருடன் கொடுத்த தராசில் எடை பார்ப்பதாகத்தான் அர்த்தம். சோதிப்பவர்கள் வெளியே சுயேச்சையாக ஹாஷ் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று ஆடுபவர்களையே கேட்டுப் பாருங்கள்.

சட்டம் இந்த நுணுக்கத்துக்குள் எல்லாம் போவதில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டப்படி, பணம் வைத்து வாய்ப்பு விளையாட்டு ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் பிரித்துச் சொன்னது. பகடை போன்ற வாய்ப்பு விளையாட்டுகள்மீதான தடை நின்றது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் திறமை, வாய்ப்பு என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, பணம் வைத்த இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடுக்கிறது. காயின், டோக்கன் என்று பெயர் மாற்றினாலும் அது பணம்தான் என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நிரலுக்கு விலங்கு மாட்ட முடியாது, அது உண்மை. கைபேசி வைத்திருப்பவருக்கு மாட்டலாம்.

இத்தனை மூளையும் பகடைக்குத்தானா என்று ஆயாசமாக இருந்தால், இதே உத்தியைப் பந்தயமே இல்லாமல் பயன்படுத்துபவர்களைப் பார்க்கலாம். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் பொறியியல் பணிக்குழு, தன் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு விருப்பமுள்ளவர்களிடையே குலுக்கல் முறையில் பத்துப் பேரை எடுக்கிறது. அதற்கான விதிமுறை 2000-இல் எழுதப்பட்டு 2004-இல் திருத்தப்பட்டது. பெயர்ப் பட்டியலை முன்பே வெளியிடு; எதிர்காலத் தேதியில் வரப்போகும் அரசு லாட்டரி முடிவு போன்ற பொது எண்களை விதையாக அறிவி; அந்த எண்கள் வந்ததும் எல்லோரும் ஹாஷ் போட்டுப் பெயர்களை எடுத்துக்கொள்ளட்டும். நம் ஊர் மூன்று நம்பர் ஏஜெண்டின் யோசனை அப்படியே, ஆனால் இங்கே கமிஷன் எடுக்க யாரும் இல்லை.

கண் முன்னால் நடந்துவிட்டால் மட்டும் குலுக்கல் ஒழுங்காகிவிடாது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. வியட்நாம் போருக்கு ஆளெடுக்க அமெரிக்கா 1969 டிசம்பர் 1 அன்று 366 பிறந்த தேதிகளைக் குப்பிகளில் அடைத்துத் தொலைக்காட்சியில் எடுத்துக் காட்டியது. குப்பிகளைச் சரியாகக் கலக்காததால், கடைசியாகப் போடப்பட்ட டிசம்பர் தேதிகள் அதிகமாக முன்னால் வந்து விழுந்தன. நாடே பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் டிசம்பரில் பிறந்தவர்களுக்குப் போர்க்களம் நெருங்கியது.

நம் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கிறது. யார் பெயர் ஏன் வரவில்லை என்ற சந்தேகம் அன்று மாலையே தெருவுக்கு வந்துவிடும். விண்ணப்பப் பட்டியலை வரிசை எண்ணோடு முந்தைய நாளே ஒட்டிவிட்டு, நாளை பிற்பகல் கேரள லாட்டரியின் முதல் பரிசு எண்தான் விதை என்றும் எழுதிப் போட்டால், முடிவை ஆம்பூரில் எந்தத் தாயும் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பிளாக்செயினும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். அடுத்த சேர்க்கைக்குள் ஒரே ஒரு மாவட்டத்திலாவது கல்வித் துறை இதைச் செய்துபார்க்கட்டும்.